கேஸ் நம்பர் என்ன என்று கேட்க எனக்கு ஒன்பது மாதம் ஆனது

எங்கள் ஆடிட்டர்தான் அந்தக் கேள்வியைக் கேட்டார். 2024 டிசம்பர். வராத பாக்கிகளைக் கணக்கில் எப்படிக் காட்டுவது என்று பேசிக்கொண்டிருந்தோம். “இதுக்குத்தான் கேஸ் போட்டிருக்கீங்களே, நம்பர் சொல்லுங்க, குறிச்சுக்கிறேன்” என்றார். என்னிடம் நம்பர் இல்லை. வக்கீலுக்குப் போன் செய்தேன். “கோர்ட்ல இருக்கேங்க. அதெல்லாம் ஓடிட்டு இருக்கு, அடுத்த வாய்தா ஜனவரில” என்று வைத்துவிட்டார். அன்று இரவு, நீதிமன்ற வழக்குகளைத் தேடிப் பார்க்கும் இ-கோர்ட்ஸ் தளத்தில் எங்கள் நிறுவனத்தின் பெயரைப் போட்டுத் தேடினேன். எதிர்த்தரப்பின் பெயரைப் போட்டேன். எழுத்தை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். எதுவும் வரவில்லை.

மறுநாள் காலை அவர் ஆபீசுக்கே போய்விட்டேன். வக்கீல் இல்லை. குமாஸ்தா அண்ணன் அலமாரியின் அடித்தட்டில் இருந்து எங்கள் கேஸ் கட்டை உருவி எடுத்து, நாடாவை அவிழ்த்து, பிராதை, அதாவது கோர்ட்டில் கொடுத்த வழக்கு மனுவை, என் முன்னால் வைத்தார். அதன் பின்பக்கத்தில் நீதிமன்ற அலுவலகம் கையால் எழுதிய நாலு வரி இருந்தது. இது வணிக வழக்கு, வணிக நீதிமன்றச் சட்டத்தின் 12ஏ பிரிவின்படி மத்தியஸ்தத்துக்குப் போனதற்கான ஆவணம் இல்லை, ரிட்டர்ன் செய்யப்படுகிறது. கீழே 2024 ஏப்ரல் தேதி. குறையைச் சரிசெய்து திரும்பத் தாக்கல் செய்யக் கொடுத்த கெடு முடிந்து மாதக்கணக்காகிவிட்டது. என் வழக்கு நம்பரே ஆகவில்லை. இல்லாத வழக்குக்குத்தான் ஒன்பது மாதமாக வாய்தா தேதி கேட்டுக்கொண்டிருந்தேன்.

கதையை முதலில் இருந்து சொல்கிறேன். கோவையில் சின்னதாக அட்டைப்பெட்டி தயாரிக்கிறோம். திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்துக்கு 2022 ஜூன் முதல் 2023 ஜனவரி வரை அனுப்பிய சரக்கில் 22 பில்லுக்குப் பணம் நின்றுவிட்டது. 11 லட்சத்து 40 ஆயிரம். பெரிய கம்பெனிக்கு அது ஒன்றுமில்லாத தொகையாக இருக்கலாம். எங்களுக்கு அது நாலு மாதக் கூலி. 2023 அக்டோபரில் 3 லட்சத்துக்கு ஒரு செக் கொடுத்தார்கள். அதுவும் பணமில்லை என்று திரும்பியது. “தீபாவளி கழியட்டும்”, “பொங்கலுக்குள்ள போட்டுடறோம்” என்று சொல்லச் சொல்லக் காத்திருந்தேன்.

அந்தக் காத்திருப்புக்கு என்ன விலை என்று பிறகுதான் புரிந்தது. செக் திரும்பியதாக பேங்க் மெமோ கைக்கு வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் கிடைத்து 15 நாளில் பணம் வரவில்லை என்றால், அதிலிருந்து ஒரு மாதத்துக்குள் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் புகார். இதுதான் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆவது பிரிவு. முதல் 30 நாளைக் கோட்டைவிட்டாலும், செக்கின் மூன்று மாத ஆயுளுக்குள் அதைத் திரும்ப பேங்கில் போட்டு, மறுபடி திரும்பினால் அந்தத் தேதியில் இருந்து புதிதாக எண்ணிக்கொள்ளலாம். உச்ச நீதிமன்றம் 2012இல், தமிழ்நாட்டில் இருந்து போன ஒரு தோல் நிறுவனத்தின் வழக்கிலேயே இதைச் சொல்லியிருக்கிறது. நான் முதன்முதலாக வக்கீலைப் பார்த்தது 2024 பிப்ரவரியில். செக்கின் ஆயுள் ஜனவரி 20ஆம் தேதியே முடிந்திருந்தது. ஒரே ஒரு மாதம் முன்னால் போயிருந்தால் அந்த வழி திறந்திருக்கும். செக் திரும்பினால் அன்றைக்கே ஒரு வக்கீலிடம் போய்விடுங்கள். கேஸ் போடுவதா வேண்டாமா என்பதை அப்புறம் முடிவு செய்துகொள்ளலாம், நாள் மட்டும் நமக்காக நிற்காது.

முதல் வக்கீலை நான் எப்படிப் பிடித்தேன் என்று கேட்டால், மாமா சொன்னார், அவ்வளவுதான். மாமாவின் விபத்து இழப்பீட்டு வழக்கை அவர்தான் நடத்திக் கொடுத்தார், நன்றாகவே நடத்தினார். அவரைக் கெட்டவர் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் பாக்கி வசூல், வணிக நீதிமன்றச் சட்டம் என்பதெல்லாம் அவர் தினமும் புழங்குகிற களம் இல்லை. “இதுமாதிரி பாக்கி கேஸ் சமீபத்தில் நடத்தியிருக்கீங்களா சார்?” என்று ஒரு வார்த்தை நானும் கேட்கவில்லை. எனக்காக அவர் ஆஜராக அதிகாரம் கொடுக்கும் வக்காலத்தில் கையெழுத்துப் போட்டேன். 40 ஆயிரம் ரொக்கமாகக் கொடுத்தேன், ரசீது வாங்கவில்லை. அசல் பில் 22ஐயும் பையோடு கொடுத்துவிட்டு வந்தேன், அதற்கும் ரசீது இல்லை.

அவர் போட்ட பிராது ஏன் திரும்பியது என்பதைச் சொல்ல வேண்டும். வியாபாரிகளுக்குள் நடக்கும் கொடுக்கல் வாங்கல் தகராறு, மதிப்பு 3 லட்சம் அல்லது அதற்கு மேல் என்றால், அது 2015ஆம் ஆண்டின் வணிக நீதிமன்றச் சட்டத்துக்குள் வரும். அவசரமாகத் தடையுத்தரவு மாதிரி ஏதாவது கேட்க வேண்டியிருந்தால் தவிர, நேராக வழக்குப் போட முடியாது. முதலில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுத்து மத்தியஸ்தத்துக்குப் போக வேண்டும். இது கட்டாயம், போகாமல் வந்த பிராதைத் தள்ளிவிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022 ஆகஸ்டில் சொல்லிவிட்டது. இந்தக் களத்தில் புழங்குகிறவருக்கு இது முதல் நாளே நினைவுக்கு வந்திருக்கும்.

இரண்டாவது முறை யார் சொன்னதையும் அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. வக்கீல்கள் விளம்பரம் செய்யக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி. அதனால் நாம்தான் போய்ப் பார்க்க வேண்டும். இதற்கு ஒரு நல்ல வழி இருக்கிறது, ஏனோ யாரும் செய்வதில்லை. நீதிமன்றம் எல்லோருக்கும் திறந்த இடம். போனை ஆஃப் செய்துவிட்டுப் பின் பெஞ்சில் உட்காரலாம். இரண்டு நாள் காலையில் சிவில் வழக்கு நடக்கும் கோர்ட்டில் போய் உட்கார்ந்தேன். யார் கூப்பிட்டதும் எழுந்து நிற்கிறார், யாருடைய ஜூனியர் வந்து “சீனியர் வேற கோர்ட்ல இருக்காங்க” என்று நேரம் கேட்கிறார், யார் நீதிபதி கேட்ட பக்கத்தைத் தேடாமல் எடுத்துக் கொடுக்கிறார் என்பதெல்லாம் அங்கே தெரிந்துவிடும். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா, சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்துகொண்டிருந்தார். சத்தமே இல்லை. ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு தேதி, ஒரு காகிதம். வெளியே வந்து குமாஸ்தாக்களிடம் பெயர் கேட்டுக்கொண்டேன். ஆடிட்டரிடம் விசாரித்தபோது அவரும் அதே பெயரைச் சொன்னார்.

அவரைப் பார்ப்பதற்கு முன்னால் வேறு இரண்டு பேரையும் பார்த்தேன். ஒருவர் எதிர்த்தரப்பின் பெயரைக் கேட்டதுமே கையைக் காட்டி நிறுத்தினார். “மேல சொல்லாதீங்க. அவங்களுக்கு நான் ஒரு கேஸ்ல ஆஜராகியிருக்கேன், உங்களுக்கு நான் எடுக்க முடியாது.” அந்த நேர்மைக்கு இன்றைக்கும் அவர்மேல் மரியாதை உண்டு. அதிலிருந்து நான் எடுத்துக்கொண்ட பழக்கம் ஒன்று: எந்த வக்கீலிடம் போனாலும் எதிர்த்தரப்பு யார் என்பதை முதலில் சொல்லிவிட்டு, விவரத்துக்கு அப்புறம்தான் போவேன். இன்னொருவர் “பீஸே வேண்டாங்க, வர்றதுல 15 பர்சென்ட்” என்றார். கையில் காசு இல்லாத நேரத்தில் கேட்க இனிமையாகத்தான் இருக்கும். ஆனால் வழக்கின் முடிவை வைத்துப் பீஸ் பேசுவதும், வருகிற தொகையில் பங்கு கேட்பதும் நம் நாட்டில் வக்கீல்களுக்குத் தடை. முதல் பேச்சிலேயே தன் தொழில் விதியைத் தாண்டுகிறவரை நம்பி என் பில்களைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

அந்த மேடம் ஆபீசில் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அரை மணி நேர ஆலோசனைக்குத் தனிக் கட்டணம், அதற்கு ரசீது. நான் உட்கார்ந்ததும், அவர்கள் எப்படி ஏமாற்றினார்கள், போன் எடுக்கவில்லை, கேட்டில் நிறுத்தி வைத்தார்கள் என்று ஆரம்பித்தேன். இரண்டு நிமிஷம் கேட்டார். பிறகு ஒரு வெள்ளைத்தாளையும் பேனாவையும் என் பக்கம் நகர்த்தினார். “வருத்தம் புரியுதுங்க. இப்போ தேதி மட்டும் எழுதுங்க. முதல் பில், கடைசி பில், கடைசியா எப்போ பணம் வந்தது, பாக்கி இருக்குன்னு அவங்க எழுதிக் கொடுத்தது ஏதாவது இருக்கா?”

எழுத எழுதத்தான் எனக்கே தெரிந்தது, எனக்கு எத்தனை தேதி தெரியாது என்று. பாக்கிப் பணத்துக்கு வழக்குப் போட மூன்று வருடம்தான் காலவரம்பு. என் முதல் பில் 2022 ஜூன். நான் உட்கார்ந்திருந்தது 2024 டிசம்பர். அவர் விரல் அந்த இரண்டு தேதிக்கும் நடுவே நின்றது. அந்த நிமிஷம் எனக்குக் கை சில்லிட்டுப் போனது. பாக்கியை ஒப்புக்கொண்டு கெடு முடிவதற்குள் அவர்கள் கையெழுத்தோடு எழுதிக் கொடுத்திருந்தால், அந்தத் தேதியில் இருந்து மூன்று வருடம் புதிதாக ஓடும் என்றார். அப்போதுதான் நினைவு வந்தது. வருடா வருடம் மார்ச் கடைசியில் ஆடிட்டர் கேட்கிறார் என்று எல்லோரிடமும் பாக்கி உறுதிக் கடிதம் வாங்குவோம். 2023 மார்ச் 31 தேதியிட்டு, சீலும் கையெழுத்தும் வைத்து அவர்கள் கொடுத்த கடிதம் ஆடிட்டர் பைலில் இருந்தது. முதல் வக்கீல் அதைக் கேட்கவில்லை, அது முக்கியம் என்று எனக்கும் தெரியவில்லை. அந்த ஒற்றைத் தாள் எங்களுக்கு 2026 மார்ச் வரை மூச்சுவிட நேரம் கொடுத்தது.

அடுத்து பர்ச்சேஸ் ஆர்டர்களைக் கேட்டார். ஜெராக்ஸ் கொடுத்தேன். திருப்பிப் பார்த்தார். வெறும் தாள். “பின்பக்கம் எங்கே?” முன்பக்கம் மட்டும்தான் ஜெராக்ஸ் எடுத்திருந்தேன். அசலைக் கொண்டுபோனதும் பின்னால் இருந்த பொடி எழுத்தை வரி வரியாகப் படித்தார். தகராறு வந்தால் கோர்ட்டுக்குப் பதில் தனி நடுவர் ஒருவரிடம் தீர்ப்புக்குப் போக வேண்டும் என்று அதில் ஒரு வரி இருந்திருந்தால், நாம் கோர்ட்டுக்குப் போனாலும் அவர்கள் அந்த வரியைக் காட்டி வழக்கை அங்கே திருப்பிவிட முடியுமாம். அது இல்லை. ஆனால் ‘திருப்பூர் நீதிமன்ற எல்லைக்கு உட்பட்டது’ என்று இருந்தது. எங்கள் பில்லில் ‘கோவை’ என்று அச்சடித்திருக்கிறோம். “எல்லைச் சண்டையிலயே ஒரு வருஷம் போயிடும். அவங்க ஊர்லயே போடலாம், அந்த வாயை அடைச்சுடலாம்” என்றார். சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவு எப்போது எடுத்தீர்கள் என்றும் கேட்டார். சிறு தொழில்களுக்கு 45 நாளுக்குள் பணம் தராவிட்டால் கூட்டு வட்டியோடு கேட்க 2006ஆம் ஆண்டுச் சட்டத்தில் தனி மன்றமே இருக்கிறது. நாங்கள் பதிவு செய்தது 2023 மத்தியில், சரக்கெல்லாம் போன பிறகு. அந்த வழியில் போனால் பதிவுத் தேதியே தகராறாகிவிடும் என்று அதை விட்டுவிட்டோம். பதிவு செய்யாமல் சிறு தொழில் நடத்துகிறவர்கள் இதை ஒத்திப்போடாதீர்கள்.

கிளம்பும்போது “ஜெயிச்சுடலாங்களா மேடம்?” என்று கேட்டேன். “காகிதம் நல்லா இருக்கு. அவங்க சரக்கு மோசம்னு ஏதாவது மெயில் போட்டிருக்காங்களான்னு தேடுங்க. இருந்தா மறைக்காம எனக்கு முதல்ல காட்டுங்க” என்றார். இருந்தது. இரண்டு லோடு ஈரமாக வந்தது என்று ஒரு மெயில். அதைக் காட்டக் கூச்சமாக இருந்தது, காட்டினேன். பின்னால் மத்தியஸ்தத்தில் அவர்கள் அதைத்தான் முதலில் நீட்டினார்கள். எங்களிடம் பதில் தயாராக இருந்தது.

பீஸ் விஷயத்தையும் அன்றே பேசிக்கொண்டோம். மத்தியஸ்தம் முடியும்வரை ஒரு தொகை, வழக்குப் போட்டால் தாக்கலுக்கு ஒன்று, சாட்சி விசாரணை தொடங்கும்போது ஒன்று, வாதம் முடிந்து தீர்ப்புக்கு ஒன்று என்று நிலை நிலையாகப் பிரித்து ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். பணம் தரச் சொல்லி கோர்ட் கொடுக்கும் டிக்ரியை வாங்கிய பிறகும் பணம் தரவில்லை என்றால் நிறைவேற்று மனு போட வேண்டும், அது தனி என்பதையும் சொல்லிவிட்டார். கோர்ட் பீஸ் வேறு. தமிழ்நாட்டில் முன்பு ஏழரை சதவீதமாக இருந்தது, 2017இல் 3 சதவீதமாகக் குறைத்தார்கள். அசலும் வட்டியும் சேர்த்து எங்கள் வழக்கு மதிப்பு 15 லட்சம் வரும். 45 ஆயிரம் ஸ்டாம்புக்கே போகும். இதைக் கேட்ட பிறகுதான், சமாதானமாகப் போனால் எவ்வளவு வரை இறங்கி வரலாம் என்று வீட்டில் உட்கார்ந்து நிஜமாகக் கணக்குப் போட்டோம். செலவை முழுசாகச் சொல்லாத வக்கீலிடம் இந்தக் கணக்கைப் போடவே முடியாது.

பழைய கேஸ் கட்டைத் திரும்ப வாங்குவது இருந்ததிலேயே சங்கடமான வேலை. முதல் வக்கீல் 25 ஆயிரம் பாக்கி என்று சொல்லி, கொடுத்தால்தான் பேப்பர் என்றார். பீஸ் பாக்கிக்காகக் கட்சிக்காரரின் காகிதங்களைப் பிடித்து வைக்க வக்கீலுக்கு உரிமை இல்லை என்று 2000ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இருக்கிறது. மாநில பார் கவுன்சிலில் புகார் கொடுக்கவும் வழி உண்டு. நுகர்வோர் கோர்ட்டுக்குத்தான் போக முடியாது, 2024 மே மாதத் தீர்ப்போடு அந்தக் கதவு மூடிவிட்டது. எனக்குக் கோபம் நிறைய இருந்தது. மேடம்தான், “புகார் கொடுக்கிறது உங்க உரிமை. ஆனா இப்போ நமக்கு நேரம் முக்கியம். நோட்டீஸ், பிராது தயாரிச்ச வேலைக்கு நியாயமா எவ்வளவோ அதைக் கொடுத்துட்டு வாங்கிடுங்க” என்றார். மாமாவையும் கூட்டிக்கொண்டு போனேன். 10 ஆயிரத்தில் முடிந்தது. அங்கேயே உட்கார்ந்து ஒவ்வொரு பில்லாக எண்ணினேன். 21தான் இருந்தது. ஒன்று பக்கத்துக் கட்டுக்குள் போயிருந்தது, குமாஸ்தா அண்ணன் ஒரு மணி நேரம் தேடி எடுத்துக் கொடுத்தார். இப்போது யாரிடம் அசல் கொடுத்தாலும் பட்டியல் எழுதி, நகலில் கையெழுத்து வாங்கிக்கொள்கிறேன். நல்ல வக்கீல்கள் இதைத் தப்பாகவே எடுத்துக்கொள்வதில்லை.

2025 பிப்ரவரியில் மத்தியஸ்த மனு போட்டோம். இதற்கு மூன்று மாதம், இரு தரப்பும் சம்மதித்தால் இன்னும் இரண்டு மாதம். அந்த நாட்கள் காலவரம்பில் கழிக்கப்படும் என்பதால் பயமில்லை. எதிர்த்தரப்பு வரவே இல்லை என்றால் அதற்கு ஒரு அறிக்கை கொடுத்துவிடுவார்கள், அதோடு வழக்குப் போடலாம். அவர்கள் வந்தார்கள். நாலு அமர்வு. மே மாதம் 9 லட்சத்து 60 ஆயிரத்துக்கு ஒத்துக்கொண்டார்கள். ஜூன் முதல் மாதம் 1 லட்சத்து 60 ஆயிரம், ஆறு தவணை. நான் சந்தோஷத்தில் கையெழுத்துப் போடப் போனபோது மேடம் பேனாவை வாங்கி வைத்துவிட்டு ஒரு வரி சேர்க்கச் சொன்னார். ஒரு தவணை தவறினாலும் முழு 11 லட்சத்து 40 ஆயிரமும் வட்டியோடு உடனே தர வேண்டும் என்று. அந்த வரிக்காக இன்னும் ஒன்றரை மணி நேரம் பேச்சு. இந்த ஒப்பந்தத்துக்கு நடுவர் தீர்ப்புக்கு உள்ள அதே பலம் உண்டு. மீறினால் புதிதாக வழக்குப் போடாமல் நேராக நிறைவேற்றக் கேட்கலாம்.

என் தம்பி மாதிரி பழகும் ஒருவருக்கு இதற்கு நேர்மாறான அனுபவம். அவர்மேல் ஒரு சப்ளையர் வணிக வழக்குப் போட்டு சம்மன் வந்தது. “பேசித் தீர்த்துக்கலாம்” என்று அதை மேசை டிராயரில் போட்டுவிட்டார். வழக்குக்குப் பதிலான எதிருரையைத் தாக்கல் செய்ய 30 நாள், நீதிமன்றம் அனுமதித்தால் மொத்தம் 120 நாள், அதற்கு மேல் வணிக வழக்கில் ஒரு நாள்கூடக் கிடையாது. அவர் வக்கீலிடம் போனது ஐந்து மாதம் கழித்து. நியாயம் அவர் பக்கம் கொஞ்சம் இருந்தது, அதைச் சொல்லும் உரிமை போய்விட்டது. சம்மன் வாங்கிய தேதியைக் கவர்மேலேயே எழுதி, அந்த வாரமே வக்கீலிடம் கொடுங்கள். வக்கீல் வைக்க வசதி இல்லை என்று தயங்குகிறவர்கள் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம், அல்லது 15100க்குப் போன் செய்யலாம். பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமானம் பார்க்காமலே இலவசமாக வக்கீல் கொடுப்பார்கள்.

வழக்கு நடக்கிறவர்கள் இன்றைக்கே ஒன்று செய்யுங்கள். உங்கள் வக்கீலிடம் சிஎன்ஆர் நம்பர் கேளுங்கள், ஒவ்வொரு வழக்குக்கும் உள்ள தனி அடையாள எண் அது. எழுத்தும் எண்ணுமாகப் பதினாறு இருக்கும். அதை இ-கோர்ட்ஸ் செயலியில் போட்டால் அடுத்த வாய்தா, போன வாய்தாவில் என்ன நடந்தது எல்லாம் தெரியும். நம்பர் இன்னும் ஆகவில்லை என்றால் ஏன், எப்போது ரிட்டர்ன் ஆனது, எந்தத் தேதிக்குள் திரும்பப் போட வேண்டும் என்று கேளுங்கள். சந்தேகப்படுவதாக அவர் நினைத்துக்கொள்வாரோ என்று கூச்சப்பட வேண்டாம். எனக்கு அந்தக் கூச்சம்தான் ஒன்பது மாதத்தைத் தின்றது. அப்புறம், வாட்ஸ்அப் பேச்சுகளை அழிக்காதீர்கள், அந்தப் போனை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடாதீர்கள். கோர்ட்டில் அதைக் காட்ட வேண்டும் என்றால் சான்றிதழ் வேண்டும், 2024 ஜூலையில் வந்த புதிய சாட்சியச் சட்டத்தில் அதற்கான விதி இன்னும் கறாராகியிருக்கிறது.

ஐந்து தவணை வந்துவிட்டது. நாலாவது மட்டும் ஒரு நாள் தாமதம். அன்று சாயங்காலம் மேடத்துக்குப் போன் செய்தபோது, “அந்த வரியைப் போட்டோ எடுத்து அவங்க அக்கவுன்டன்டுக்கு அனுப்புங்க, வேற எதுவும் எழுத வேண்டாம்” என்றார். மறுநாள் பத்தரை மணிக்குப் பணம் ஏறியது. கடைசித் தவணை 10ஆம் தேதி. அது வந்ததும் மேடம் ஆபீசுக்குப் போய் அசல் பில்களைத் திரும்ப வாங்க வேண்டும். 22. பட்டியல் என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது.